பார்த்துவிட்டுச் சொல்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தங்கை கேட்டாள், எழுதுகிறேன். கேட்டாள் என்றதும் கைகூப்பிக் கேட்டதாக நினைத்துவிடாதீர்கள். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் தேய்த்தபடி, "வாரா வாரம் பொய்தானே எழுதுற, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் துப்பறியும் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். மொட்டைமாடியிலிருந்தும் பால்கனியிலிருந்தும் நான் தள்ளிவிட்டவர்கள் ஏராளம். ஒருவனை நடுவானில் விட்டுவிட்டு, கீழே 'தொடரும்' என்று போட்டுவிட்டு, நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவேன். மற்றபடி நான் ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்ற வேண்டுமென்றால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தங்கையின் கணவர் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும் தொழிலாளி. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். போன மழைக்காலம் முடிந்த கையோடு வேலையில் இருக்கும்போது மரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை. இடுப்பெலும்பும் குதிகாலும் உடைந்தன, விலா எலும்பில் விரிசல்.

தங்கைக்கு வேண்டிய கதை இதுதான். மாப்பிள்ளை மாதிரி ஒருவன் மரத்தில் நிற்கிறான். நல்ல கிளை என்று நம்பி நின்ற கிளை உள்ளே உளுத்திருக்கிறது. முறிகிறது. விழுகிறான். "அவ்ளோதான். யார் மேலயும் தப்பில்ல. அவர் படிப்பாரு, படிச்சா மனசு ஆறும்" என்றாள்.

படிப்பார் என்பது உண்மை. நான் எழுதுவதை எல்லாம் இரண்டு தடவை படிக்கிற ஒரே ஜீவன் அவர்தான். இரண்டாவது வாரமே கொலைகாரன் யாரென்று கண்டுபிடித்து எனக்குப் போன் போட்டு என் மானத்தை வாங்குவார். ஆகவே, வாசகரே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதையின் அசல் வாசகர் அடுத்த தெருவில் இடுப்பில் இரும்புத் தகட்டோடு வீட்டில் இருக்கிறார். நீங்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

2

ஆரம்பங்கள்:

'அன்று அந்த மரம் வழக்கத்துக்கு மாறான ஓர் அமைதியுடன்—'

(வேண்டாம். மரம் எப்போதும் போலத்தான் இருந்தது. மரத்துக்கு என்ன தெரியும்?)

'விழுந்துகொண்டிருந்த அந்தக் கணத்தில் அவன் கண்முன் அவனுடைய வாழ்க்கை முழுவதும்—'

(இதை மாப்பிள்ளையிடமே கேட்டேன். அப்படி ஒரு மண்ணும் வரவில்லையாம். அன்று காலை வேலைக்குக் கிளம்பியதுகூட நினைவில்லையாம். "கண்ணத் திறந்தா எல்லாரும் என் மூஞ்சிக்கு மேல நிக்கறாங்க மச்சான். எதுக்குடா எல்லாரும் இவ்ளோ கிட்ட வர்றீங்கன்னு கோவம்தான் வந்துச்சு.")

'மரத்திலிருந்து தவறி விழுந்த தொழிலாளி படுகாயம்.'

(இது செய்தித்தாளில் வருவது. உயரத்திலிருந்து யார் விழுந்தாலும் 'தவறி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். விசாரணையே வேண்டாம், விழுந்தவன்தான் தவறினான். நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.)

ஆரம்பம் சரிப்படவில்லை. ஆரம்பிக்காமலே உள்ளே போகிறேன்.

3

'மரம் வெட்டுகிறவர்' என்று சொன்னால் மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். "வெட்டறதுக்கு எவன் வேணா வருவான். நாங்க மரத்துக்கு முடி திருத்தறவங்க மச்சான். திருத்திட்டு வந்தா மரம் பாக்க லட்சணமா இருக்கணும்" என்பார். கூரையில் உரசுகிற கிளை, மின்கம்பியைத் தொடுகிற கிளை, காய்ந்துபோய் யார் தலையில் விழலாம் என்று காத்திருக்கிற கிளை, எல்லாம் இவர்கள் பொறுப்பு.

வேலை நடக்கிற விதத்தைச் சொல்லாமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடிக்கிறேன். மேலே கிளை பிரிகிற ஒரு கவையில் பெரிய கயிற்றைப் போட்டு, அதில் தொங்கியபடிதான் வேலை செய்வார்கள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போக வேண்டுமானால் அந்தக் கயிற்றை இடுப்பிலிருந்து கழற்றி வேறு கவையில் போட வேண்டும். கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டும்வரை ஆளைப் பிடித்துவைத்திருப்பது ஒரு குட்டைக் கயிறுதான். அது மரத்தைச் சுற்றி வந்து, இடுப்புப் பெல்ட்டில் வலமும் இடமும் உள்ள இரண்டு இரும்பு வளையங்களில் கொக்கியால் மாட்டியிருக்கும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெரிய கயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் மேலே இருப்பவர் "மாத்துறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே கயிறு பிடிப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். குட்டைக் கயிறு சுற்றியிருக்கிறதா, கொக்கி இரண்டும் வளையத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு "மாத்து" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் மேலே இருப்பவரின் கை அசையக் கூடாது.

மாப்பிள்ளைக்குக் கீழே கயிறு பிடிப்பவள் என் தங்கை.*

* வீட்டில் அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாள். மரத்தடியில் மட்டும் 'மாத்து'. ஒருமுறை எங்கள் அம்மா இருவருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கே போய், இதைக் காதால் கேட்டுப் பதறிவிட்டாள். "கட்டின புருஷன இப்படியாடி ஏவுவ?" என்று தங்கையைப் பிடித்துக்கொண்டாள். மேலேயிருந்து பதில் வந்ததாம்: "அத்தை, மரியாதை சேத்துச் சொன்னா நேரமாகும். நான் தொங்கிட்டு இருக்கேன்."

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதையாக இருந்தால் இதை ஒரு சிரிப்புக்குள் ஒளித்துவைத்திருப்பேன். விழுவதற்குச் சில மாதம் முன்பு எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பெருமையடித்துக்கொண்டார். "நான் வாயத் திறக்கறதுக்குள்ள இவ 'மாத்து'ன்னுடுவா மச்சான். என் கால் நகர்றத வச்சே கண்டுபிடிச்சிடுவா. இந்த மாதிரி ஆள் யாருக்குக் கிடைக்கும்?" தங்கை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். கொடுத்துவைத்த ஜோடி என்று நானும் நினைத்தேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

4

விழுந்த அன்று ஒரு குடியிருப்பின் பின்புறம் வேலை. வெயிலும் சுள்ளென்று இல்லை, காற்றும் இல்லை. கிளைகளை அரைத்துத் தூளாக்குகிற மெஷினைக்கூட நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு எழுத்தாளனுக்கு இயற்கை எந்த ஒத்தாசையும் செய்யாத நாள்.

மாப்பிள்ளை குட்டைக் கயிற்றை மரத்தைச் சுற்றி எடுத்து இடது கொக்கியைச் சரியாக மாட்டினார். வலது கொக்கியை மாட்டிய இடம்தான் தப்பு. பெல்ட்டில் இரும்பு வளையத்துக்கு நாலு விரல் தள்ளி, கைரம்பத்தைத் தொங்கவிடுவதற்காகத் துணியில் தைத்த ஒரு சின்ன வளையம் உண்டு. கையுறை போட்ட விரலுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்குமாம். கொக்கி அதில் விழுந்தது. 'க்ளிக்' என்று சத்தமும் சரியாகவே கேட்டிருக்கும். லேசாகச் சாய்ந்து பார்த்தால் தாங்கும். பெரிய கயிற்றைக் கழற்றியதும் ஆளின் முழு எடையும் ரம்பம் தொங்கவிடுகிற தையல்மேல் வந்தது. பிய்ந்துவிட்டது.

(இந்த இடத்தில் அவர் விழுகிறார். என் தொடர்களில் ஒருவன் விழ இரண்டு பத்தி எடுத்துக்கொள்வேன். இங்கே ஒரு வரிகூட எழுத வரவில்லை. மரத்தில் இருந்தார், பிறகு தரையில் கிடந்தார். அவரே கழித்துப்போட்ட கிளைகள் குவியலாகக் கிடந்ததால் பிழைத்தார்.)

இவர்களை வேலைக்கு வைத்திருக்கிற முதலாளி வந்தார். பிய்ந்த தையலைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தங்கையிடம், குரல் கொடுத்தாரா என்று கேட்டார். கொடுத்தார் என்றாள். 'மாத்து' சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றாள். பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. 'மாத்து' என்றால் பார்த்தேன் என்றுதானே அர்த்தம். அத்தனை உயரத்தில் இலை மறைத்திருக்கும், பாவம் இவள் என்ன செய்வாள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார். மாட்டியதில் பிசகு, கதை முடிந்தது.

மாப்பிள்ளைக்குத்தான் முடியவில்லை. ஊன்றுகம்பை விட்டுவிட்டு நடக்கிறார், படியேறுகிறார், இனி மரமேறலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வலது கை. டிவி பார்க்கும்போது, சாப்பிடும்போது, யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது, அது தானாக இடுப்புக்குப் போகும். அங்கே இல்லாத வளையத்தைத் தடவிப் பார்க்கும். வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் எழுத்தாளன், அடுத்தவர் கையைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை.

ஒருநாள் அவரே சொன்னார். "பெல்ட்ட மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போறேன் மச்சான். இந்தக் கையப் பாத்ததும் திரும்பி வந்துடறேன். இத நம்பி எப்படி ஏறறது?"

அப்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆகவே இந்தக் கதை 'எப்படி விழுந்தார்' என்பதல்ல. மறுபடி ஏறுவாரா மாட்டாரா என்பது.

5

முடிவு ஒன்று. தங்கை கேட்டபடியே எழுதினேன். கிளை உளுத்திருந்தது, முறிந்தது. என் வழக்கத்துக்கு மரப்பட்டைமேல் எறும்பு ஊர்வதை எல்லாம் விவரித்து, சபாஷ் போட்டுக்கொள்கிற மாதிரி முடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாப்பிள்ளை நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். திருப்பி முதல் பக்கத்துக்கு வந்து பார்த்தாள். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். தாள்களை அடுக்கி வைத்தாள். பிறகு, "அண்ணா, அன்னிக்கு நான் பாக்கல" என்றாள்.

கீழே கழித்துப்போட்ட கிளைகளில் கயிறு சிக்கிக்கொண்டிருந்ததாம். குனிந்து அதை விடுவித்துக்கொண்டிருந்தாளாம். மேலேயிருந்து அவர் குரல் பாதி வந்ததும் இவள் வாய் தானாக 'மாத்து' என்றுவிட்டதாம். ஆயிரம் தடவை சொன்ன சொல். அண்ணாந்து பார்க்காமலே வந்துவிட்டது. இலை எதுவும் மறைக்கவில்லை. அவருடைய வலது இடுப்பு இவளைப் பார்த்துத்தான் இருந்தது.

"நிமிர்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நல்லாத் தெரியற பக்கம்ணா" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. ஆனாலும் பதில் வைத்திருந்தாள். சொன்னால் அவருக்குத் தன் கைமேல் உள்ள பயம் பாதியாகிவிடும். மீதிப் பாதி இவள்மேல் வந்துவிடும். மரத்தில் நிற்கிறவர் கீழே யார் நிற்கிறார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை நடக்குமா? சொல்லாவிட்டால் அவர் தன் கையைத் திட்டிக்கொண்டே வீட்டில் கிடப்பார். விபத்துக்குப் பிறகு இவள் கயிற்றைத் தொடவே இல்லை. மெஷினில் கிளை தள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இவளுக்கு ஒரு உளுத்த கிளை தேவைப்பட்டது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்தத் தாள்களை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவளும் தடுக்கவில்லை.

6

முடிவு இரண்டு. ஒரு மாலை நேரம் அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் அழுகிறார்கள். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அத்தனை சுலபமாக வந்ததாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அழுது முடித்த பிறகு அவர் மரமேறுவாரா என்று அந்தப் பக்கம் சொல்லவே இல்லை.

முடிவு மூன்று. இது எங்கள் அம்மாவுடையது. "ஏறினது போதும், தரையில பண்ற வேலை ஒண்ணாவது உலகத்துல இல்லையா?" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே கதாநாயகன் பூச்செடி விற்கும் கடை வைத்து, தண்ணீர் ஊற்றி, சந்தோஷமாக இருக்கிறான். இதை அச்சில் பார்த்தால் மாப்பிள்ளை போன் போடுவார். 'மச்சான், இந்தாளு சந்தோஷமா இருக்கேன்னு பொய் சொல்றான்' என்பார்.

முடிவு நான்கு: 'அவள் சொல்வதற்கு முன்பே, அவருடைய மச்சான் எழுதிய கதையைப் படித்து அவர்'

(இந்த வரியை முடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை, கிடக்கட்டும். நான் எழுதினால் நான்தான் அவரிடம் சொன்னதாகும். அவள் சொன்னதாகாது. உண்மையை எழுதுவதுதான் இலக்கியம் என்று மேடையில் பேசலாம். தங்கை வீட்டு விஷயத்தில் அது கோள்சொல்வதாகவும் ஆகிவிடும்.)

நீயே சொல்லிவிடு என்று அவளிடம் சொன்னேன். மேஜையைத் துடைத்துக்கொண்டே "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். கதையை மூடி வைத்தேன்.

7

பிறகு ஒருநாள் மாப்பிள்ளையே போன் செய்தார். மறுநாள் காலை ஏறிப் பார்க்கப்போகிறாராம். சின்ன மரம்தானாம். "நீங்களும் வாங்க. கதைக்கு ஆகும்" என்றார். நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று குழம்பினேன். அவருக்கு எப்போதுமே தெரிந்துவிடுகிறது.

ஒரு கட்டடத்தின் ஓரமாக நின்ற மரம். சின்னது என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு அண்ணாந்து பார்க்கும்போதே கால் கூசியது. கீழே கயிறு பிடிக்க முதலாளி வேறொருவரை நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளை பெல்ட்டை மாட்டிக்கொண்டு மரத்தடியில் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். ஏறவில்லை. அந்த ஆளிடமிருந்து கயிற்றை வாங்கி, மெஷின் பக்கம் நின்றிருந்த தங்கையை நோக்கி நீட்டினார். நீட்டிய கையை மடக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மெதுவாக வந்து வாங்கிக்கொண்டாள்.

மெஷினை நிறுத்தினார்கள். அவர் ஏறினார். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஏறுவாராம், இன்று பேச்சே இல்லை. ஒரு பக்கக் கிளைகளைக் கழித்தார். குட்டைக் கயிற்றை மரத்தைச் சுற்றி எடுத்தார். இடது கொக்கியை மாட்டினார். வலது கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. டிவி முன்னால் வளையத்தைத் தேடுகிற அதே கை. கொக்கி மாட்டிக்கொள்கிற 'க்ளிக்' சத்தம் கேட்டது.

"மாத்துறேன்" என்றார்.

கீழேயிருந்து பதில் இல்லை.

"மாத்துறேன்" என்றார் மறுபடியும்.

தங்கை கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் பாக்கலங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கிளை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "குனிஞ்சுட்டு இருந்தேன். நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள, பாக்காமயே சொல்லிட்டேன்."

(எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. மரத்தில் நிற்கிறவரிடம் சொல்கிற விஷயமா இது? இறங்கின பிறகு சொல்லக் கூடாதா? அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளால் இதைச் சொல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.)

அவர் மேலேயிருந்து குனிந்து அவளைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "இன்னிக்குப் பாரு."

8

எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். துப்பறியும் கதை வாசகர்கள் அப்படித்தான். மூன்றாம் பகுதியைத் திருப்பிப் படியுங்கள். அவர் தன் வாயாலேயே பெருமையாகச் சொன்னார். வாயைத் திறப்பதற்குள் வருகிற பதிலை அத்தனை வருஷமாகக் கேட்டு மகிழ்ந்தவர் அவர். படுக்கையில் கிடந்த மாதங்களில் அதை யோசிக்காமலா இருந்திருப்பார்? தெரிந்துகொண்டேதான் அன்று கயிற்றை அவளிடம் நீட்டினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். "இனிமே எழுதிக்கோ" என்று மட்டும் தங்கை சொன்னாள்.

அதனால் எழுதுகிறேன். இனி ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அவள் சொல்ல வேண்டிய சொல். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இதோ, என் கை அதன் முதல் எழுத்தை எழுதியே விட்டது. அடித்துவிட்டேன். தெரிந்த சொல்தானே என்று முந்திக்கொண்டதில்தான் ஒரு மனிதர் கிளைக்குவியலில் வந்து விழுந்தார். நான் முந்திக்கொள்ள மாட்டேன்.

ஆகவே கதை இங்கேயே நிற்கிறது. அவர் கேட்டுவிட்டார். பெரிய கயிற்றில் இன்னும் கை வைக்கவில்லை. குட்டைக் கயிறு மரத்தைச் சுற்றியிருக்கிறது. இடது கொக்கி இரும்பு வளையத்தில் இருப்பது நான் நிற்கிற இடத்திலிருந்தே தெரிகிறது. வலது பக்கத்தை அவருடைய முழங்கை மறைக்கிறது. தங்கை அண்ணாந்தபடியே, கண்ணை எடுக்காமல், ஓரமாக நகர்கிறாள். அவர் முழங்கையை விலக்கிக் காட்டுகிறார்.

நீங்களும் கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். ஒரு அவசரமும் இல்லை, அவர் காத்திருப்பார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.